சிவப்பு வாசலில் இரண்டு பனிகள்: கவாசே ஹசுயியின் சோஜோஜி

கேள்வி இதுதான்: கொட்டும் பனியில் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண் நடந்துபோகிறாள், பின்னால் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய கோயில் வாசல். இந்த ஜப்பானியப் படம் ஓவியமா, அச்சா? வரைந்தவர் கட்டையைச் செதுக்கவும் இல்லை, அச்சிடவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் இதில் எது அசல், இது யாருடைய படைப்பு? அதே வாசலைப் பனியில் காட்டும் இன்னொரு படமும் இருக்கிறதே, அதுவும் அவருடையதுதானா?

இரண்டும் ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயியின் படங்கள்தாம். முதலாவது 'ஷிபா சோஜோஜி'. 1925இல் வெளியானது, 'டோக்கியோ இருபது காட்சிகள்' என்ற வரிசையைச் சேர்ந்தது. இரண்டாவது 'சோஜோஜியின் பனி', 1953இல் செய்யப்பட்டது. இரண்டுமே மரக்கட்டை அச்சுகள். அசல் ஓவியம் எங்கோ ஓர் அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிறது, இவை அதைப் பார்த்து எடுத்த நகல்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே அச்சுதான் படைப்பு. அதற்கு முன்னால் இருந்தது ஒரு பென்சில் குறிப்பும் ஒரு நீர்வண்ணச் சித்திரமும். அவை அச்சை நோக்கிப் போகும் வழியில் உள்ள படிகள், அவ்வளவுதான். ஏன் இப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் 1925ஆம் ஆண்டுப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நெடுக்கு வாக்கில் அமைந்த படம். ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிய அளவு. பின்னணியை முழுக்கச் சிவப்பு வாசல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்னால் ஒரு பைன் மரம். அதன் கிளைகள் பனியின் சுமையைத் தாங்கிக்கொண்டு சிவப்பின் குறுக்கே நீள்கின்றன. பனி நேராக விழவில்லை. காற்று அதைச் சாய்த்து அடிக்கிறது. கீழே அந்தப் பெண். காற்றை எதிர்த்துக் குடையைத் தாழ்த்தியிருப்பதால் அவள் முகம் நமக்குத் தெரியவே இல்லை. வயது தெரியாது, யாரென்று தெரியாது, எங்கே போகிறாள் என்பதும் தெரியாது. உடல் குனிந்திருக்கும் விதத்தில்தான் காற்றின் வேகம் தெரிகிறது. ஹசுயி மனிதர்களை வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் வைப்பார்: முதுகைக் காட்டியோ, குடைக்குள் மறைந்தோ, தொலைவில் சிறிதாகவோ. அவர்கள் அங்கே இருப்பது தங்கள் கதையைச் சொல்வதற்காக இல்லை. அந்த இடத்தின் குளிரையும் நேரத்தையும் நம் உடம்புக்குச் சொல்வதற்காக.

அந்த வாசலின் பெயர் சங்கெதாட்சுமோன். டோக்கியோவில் ஷிபா பகுதியில் இருக்கும் சோஜோஜி என்ற பௌத்தக் கோயிலின் முதன்மை வாசல் அது. ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான தோக்குகாவா ஷோகன்களின் குடும்பக் கோயில்களில் ஒன்று சோஜோஜி. அவர்களில் ஆறு பேரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. இன்று நிற்கும் வாசல் 1622இல் கட்டப்பட்டது. கோயிலின் பிரதான மண்டபம் தீயிலும் குண்டுவீச்சிலும் அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. வாசல் மட்டும் எல்லாவற்றையும் தாண்டி நின்றுவிட்டது. ஹசுயி 1883இல் பிறந்தது இதே ஷிபாவில். அதாவது, பயணியாக வந்து பார்த்து வியந்த சின்னம் இல்லை இது. சிறு வயதிலிருந்தே அவர் போகிற வருகிற வழியில் நின்ற வாசல்.

அவருடைய இயற்பெயர் கவாசே புஞ்சிரோ. வீட்டுத் தொழில் பட்டு நூல் கயிறு பின்னி விற்பது. மூத்த மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு; அவருக்கோ படம் வரைவதில்தான் மனம். எல்லாம் ஒருவழியாக ஒழுங்காகி, காபுராகி கியோகாத்தா என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் மாணவராகச் சேரப் போனபோது ஹசுயிக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஜப்பானிய முறை ஓவியத்தைப் புதிதாகத் தொடங்க அது தாமதமான வயது என்று சொல்லி, மேற்கத்திய ஓவியம் கற்றுவரும்படி கியோகாத்தா அனுப்பிவிட்டார். ஹசுயி அதையும் கற்றார். சில காலம் கழித்துத் திரும்பிவந்து மீண்டும் கேட்டார். இந்த முறை இடம் கிடைத்தது. ஹசுயி என்ற பெயரும் அங்கே கிடைத்ததுதான். இந்தச் சுற்றுவழி வீண்போகவில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தொலைவில் நிறம் எப்படி மங்குகிறது என்ற கணக்கெல்லாம் அவருடைய அச்சுகளில் இருப்பதற்கு அந்த மேற்கத்தியப் பயிற்சியும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் ஹிரோஷிகேவின் பழைய நிலக்காட்சி அச்சுகளையும் இவருடையவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த வேறுபாடு உடனே கண்ணில் படும். 'ஷோவா காலத்து ஹிரோஷிகே', அதாவது பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலத்து ஹிரோஷிகே, என்று இவரைச் சொல்வது உண்டு. பாராட்டுதான், ஆனால் எனக்கு அது பாதிதான் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஹிரோஷிகேவுக்கு வழியும் வழிப்போக்கர்களும் முக்கியம். ஹசுயிக்கு நேரமும் வானிலையும்.

1918இல்தான் திருப்பம் வந்தது. உடன் பயின்ற இத்தோ ஷின்சுயி, பிவா ஏரியின் எட்டுக் காட்சிகளை மரக்கட்டை அச்சுகளாக வெளியிட்டிருந்தார். அவற்றைப் பார்த்த ஹசுயி, அவற்றை வெளியிட்ட வத்தானபே ஷோசபுரோவைத் தேடிப் போனார். அதே ஆண்டில் ஷியோபரா என்ற வெந்நீர் ஊற்று ஊரைப் பற்றிய மூன்று அச்சுகள் வெளிவந்தன. அங்கிருந்து கணக்கிட்டால், 1957இல் இறக்கும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், சுமார் 600 அச்சுகள். நடுவில் வேறு சில பதிப்பாளர்களுக்கும் செய்தார்; ஆனாலும் பெரும்பகுதி வத்தானபேயுடன்தான்.

இந்த வத்தானபேயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்குக் கலைப்பொருள் ஏற்றுமதி செய்யும் கடையில் வேலை பார்த்தவர் அவர். உக்கியோ-எ எனப்படும் பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளை மேற்கத்தியர்கள் எப்படித் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர். அதே நேரத்தில் ஜப்பானுக்குள் அந்தத் தொழில் செத்துக்கொண்டிருந்தது. கல்லச்சும் புகைப்படமும் வந்தபின் கட்டை செதுக்குபவர்களுக்கும் அச்சிடுபவர்களுக்கும் வேலை இல்லை. கைத்திறன் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதற்குப் புதிய படங்களைக் கொடுக்க வேண்டும் என்று வத்தானபே நினைத்தார். 1915 முதல் அவர் ஓவியர்களைக் கொண்டு புதிய அச்சுகளை வெளியிடத் தொடங்கினார். அந்த இயக்கத்தைத்தான் ஷின்-ஹங்கா, அதாவது 'புதிய அச்சு', என்கிறார்கள். ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், இவர்களை இணைத்துப் பணம் போட்டு முடிவெடுக்கும் பதிப்பாளர் என்ற பழைய நால்வர் ஏற்பாட்டையே அவர் அப்படியே வைத்துக்கொண்டார். வத்தானபே பணம் மட்டும் போட்டவர் இல்லை. எந்தக் காட்சி அச்சாக வேண்டும், எந்த இடத்தில் நிறம் தாழ வேண்டும் என்பதில் எல்லாம் அவர் கருத்து இருந்தது. எல்லா ஓவியர்களும் இதற்கு ஒத்துப்போகவில்லை. ஹாஷிகுச்சி கோயோ ஒரே ஓர் அச்சோடு விலகித் தனியாகப் போனார். யோஷிதா ஹிரோஷியும் பிரிந்து சொந்தப் பட்டறை வைத்தார். ஹசுயியோ கடைசிவரை கூடவே இருந்தார்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்த தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வத்தானபேயின் பட்டறையும் செதுக்கிய கட்டைகளும் இருப்பிலிருந்த அச்சுகளும் எரிந்து போயின. ஹசுயியின் வீடும் எரிந்தது. அதோடு போனவை 188 வரைபுத்தகங்கள். ஊர் ஊராகப் போய் வரைந்து வைத்த எல்லாம். நிலக்காட்சி ஓவியருக்கு வரைபுத்தகம்தான் முதலீடு. அது இல்லையென்றால் அடுத்த பத்தாண்டுக்கான படங்கள் இல்லை. வத்தானபே தானும் எல்லாவற்றையும் இழந்து நின்ற நிலையில், ஹசுயியைப் பயணம் போகச் சொல்லி ஊக்கினார். அந்த ஆண்டு இறுதியில் கிளம்பிய பயணம் 102 நாட்கள் நீண்டது. புதிய புத்தகங்கள் நிரம்பின. சோஜோஜி அச்சு அதற்கு அடுத்த கட்டத்தில் வந்தது.

இங்கேதான் 1925 படத்தின் மீது எனக்குள்ள ஒரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கம் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆன டோக்கியோ அது. நகரமெங்கும் இடிபாடும் தகரக் கொட்டகையும் கட்டுமான வேலையும். படத்தில் அதன் சுவடே இல்லை. பழைய வாசல், பழைய மரம், கிமோனோ உடுத்திய பெண், எல்லாவற்றையும் சமமாக மூடும் பனி. அழிந்துபோன நகரத்தைப் பனியால் மூடி மறைத்துவிட்டார், ஏக்கத்தை விற்றார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்த அச்சு அவருடைய படங்களிலேயே மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்று. சுமார் 3,000 பிரதிகள் போயின என்று சொல்கிறார்கள். அந்த ஏக்கத்துக்கு வாங்குபவர்கள் இருந்தார்கள் என்பது தெளிவு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிறந்த பேட்டையில் பாதி போய்விட்ட ஒரு மனிதர், மிச்சம் நின்ற வாசலைப் பார்த்து வரைந்த படம் இது. மேலும், அதே வரிசையிலும் அதற்குப் பின்னும் அவர் புதிய நகரத்தை ஒதுக்கிவிடவில்லை. நிலநடுக்கத்துக்குப்பின் சுமிதா ஆற்றின் மேல் கட்டப்பட்ட கியோசு இரும்புப் பாலத்தை 1931இல் அச்சாக்கினார். பழைய கோயிலைப் பார்த்த அதே அன்போடு அந்த இரும்புக் கம்பிகளையும் பார்த்திருக்கிறார்.

இனி, கைகளின் கணக்கு. யார் என்ன செய்தார் என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் 'அசல் எது' என்ற கேள்வி தெளியும்.

ஹசுயி இடத்துக்குப் போய்ப் பென்சிலால் வரைவார், நிறங்களைக் குறித்துக்கொள்வார். பிறகு அதிலிருந்து ஒரு நீர்வண்ணச் சித்திரம். வத்தானபே ஒப்புக்கொண்டால், கோடுகள் மட்டும் மெல்லிய தாளில் எடுக்கப்படும். அந்தத் தாளைச் செதுக்குபவர் மலைச்செர்ரிப் பலகையில் முகம் குப்புற ஒட்டுவார். தாள் மிக மெல்லியது என்பதால் கோடுகள் பின்பக்கத்திலிருந்து தெரியும். பிறகு தாளோடு சேர்த்தே மரத்தைச் செதுக்குவார். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளமாகும். வேலை முடியும்போது அந்தக் கோட்டுச் சித்திரம் தாளாக மிஞ்சாது. கத்தியின் அடியில் மரத்தூளோடு போய்விடும். அச்சுக்கு அடிப்படையான கோடு, அச்சு பிறப்பதற்காகவே அழிகிறது. எங்கோ ஒரு மூலப்படம் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற நம் எதிர்பார்ப்புக்கு இந்தத் தொழிலில் இடம் இல்லாததற்கு இதுவே முதல் காரணம்.

கோட்டுக் கட்டையிலிருந்து பல பிரதிகள் எடுத்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஓவியர் குறித்துக் கொடுப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகக் கட்டை செதுக்கப்படும். பலகையின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்துவார்கள். எல்லாக் கட்டைகளிலும் ஒரே இடத்தில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும்: மூலையில் ஒன்று, விளிம்பில் ஒன்று. கென்தோ என்பது அதன் பெயர். ஒவ்வொரு முறையும் தாளின் மூலையையும் விளிம்பையும் அந்த வெட்டுகளில் பொருத்தினால் நிறங்கள் தத்தம் இடத்தில் சரியாக விழும். கேட்க எளிது. ஆனால் தாள் ஈரமாக இருக்க வேண்டும். ஈரம் கூடினால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு தாளில் முப்பது முறை அச்சிடும்போது முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் இடையில் அந்த ஈரம் மாறாமல் காப்பதே ஒரு தனிக் கலை.

அச்சிடுபவரிடம் இயந்திரம் எதுவும் இல்லை. மசியும் இல்லை. தண்ணீரில் கரைத்த நிறத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் தூரிகையால் கட்டையில் பரப்புவார். தாளை வைத்து, பின்பக்கத்திலிருந்து பாரென் என்ற வட்டத் தட்டால் தேய்ப்பார். உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. மூங்கில் உறையின் நாரைக் கயிறாகத் திரித்துச் சுருளாகச் சுற்றி, அதைத் தட்டுக்குள் வைத்து, மேலே இன்னொரு மூங்கில் உறையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றின் முடிச்சுகள்தான் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளாகத் தாளை அழுத்துகின்றன. நிறம் தாளின் மேல் படிவதில்லை, தாளுக்குள் இறங்குகிறது. ஹசுயியின் அச்சை நேரில் பார்த்தவர்கள் அந்த நிறத்தின் ஆழத்தை மறக்க மாட்டார்கள். கணினித் திரை அதைக் காட்டாது.

சோஜோஜியின் சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டையில் ஒரே சிவப்பை ஒருமுறை அடித்தால் அது விளம்பரப் பலகைச் சிவப்பாகத்தான் வரும். வத்தானபே பட்டறையின் வழக்கம், நிறத்தின் மேல் நிறம் ஏற்றுவது; சாம்பல் நிறத்தில் தனிக் கட்டைகள் வைத்துப் பளபளப்பை அடக்குவது. அதனால்தான் பனிமூட்டம் வழியாகப் பார்ப்பதுபோல அந்தச் சிவப்பு சற்றே அடங்கி நிற்கிறது. வானத்தில் மேலிருந்து கீழே நிறம் கரைவதைப் போகாஷி என்பார்கள். கட்டையில் அதற்கான வெட்டு எதுவும் கிடையாது. அச்சிடுபவர் கட்டையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு முனையில் மட்டும் நிறம் தோய்ந்த தூரிகையால் இழுத்து, ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாகக் கையாலேயே செய்வது அது. பனியின் வெள்ளை பெரும்பாலும் நிறமே இல்லை. தாளின் சொந்த வெள்ளை. எல்லா நிறக் கட்டைகளிலும் அந்த இடத்தைச் செதுக்கி ஒழித்துவிட்டுத்தான் அதைப் பெற முடியும். கிளையின் மேல் படிந்த பனி ஒவ்வொன்றும், செதுக்குபவர் மரத்தை எடுத்த இடம்.

இப்படிப் பார்த்தால், ஹசுயியின் நீர்வண்ணச் சித்திரத்தில் இல்லாதவை அச்சில் நிறைய இருக்கின்றன. பாரெனின் சுழற்சித் தடத்தை மறைக்காமல் வேண்டுமென்றே விட்டுவைக்கும் உத்தியையும் வத்தானபே பட்டறை பயன்படுத்தியது. இது எந்த ஓவியத் தூரிகையும் தர முடியாத ஒன்று. ஹசுயி வரையும்போதே அச்சிடுபவரின் கைக்காக வரைந்தார் என்பதே என் முடிவு. எதைக் கோடாக விட வேண்டும், எதை நிறத்தின் மேல் நிறமாக ஏற்றலாம், எதை வெறும் தாளாக விடலாம் என்ற முன்யோசனை இல்லாமல் அந்த அமைப்பு வந்திருக்காது.

இந்த முறைக்கு எதிர்ப்பும் அதே காலத்தில் இருந்தது. ஓவியரே வரைய வேண்டும், அவரே செதுக்க வேண்டும், அவரே அச்சிட வேண்டும், அப்போதுதான் அது கலை என்றவர்கள் சோசாக்கு-ஹங்கா இயக்கத்தினர். யாமாமோட்டோ கனாயே 1904இல் செய்த 'மீனவர்' அச்சை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். உங்கள் கேள்விக்குள் இருக்கும் சந்தேகமும் அவர்களுடையதுதான். அவர்களிடமிருந்து அற்புதமான படைப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து ஹசுயியை அளப்பது தவறு. நடுவழி ஒன்றும் இருந்தது. யோஷிதா ஹிரோஷி தன் பட்டறையில் செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் பக்கத்தில் நின்று நடத்தி, 'தானே அச்சிட்டது' என்ற முத்திரையை ஓரத்தில் இட்டார். உள்நாட்டுக் கடலின் பாய்மரப் படகுகளை ஒரே கட்டைகளைக் கொண்டு காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று அவர் 1926இல் வெளியிட்டார். நிறம் மட்டும் மாறுகிறது, வேளையே மாறிவிடுகிறது. அச்சிடும் மேசையில் எவ்வளவு படைப்பு நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. இந்த யோஷிதாதான் இந்தியாவுக்கும் வந்து, தாஜ்மகால், காசி, கஞ்சன்ஜங்கா ஆகியவற்றை 1931இல் அச்சுகளாக்கியவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஒரு குறை இருப்பது உண்மை. வத்தானபே வெளியிட்ட ஹசுயி அச்சுகளில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும்; செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. தோய் என்ற பதிப்பாளருக்காக ஹசுயி செய்த அச்சுகளில் இடது ஓரத்தில் அந்த இருவரின் முத்திரைகளும் உண்டு. அதுவே நியாயமான முறை. எல்லோரும் அப்படிச் செய்திருக்க வேண்டும்.

அந்தக் கைகளுக்கு அரசின் கவனம் கிடைத்த கதைதான் இரண்டாவது படம். 1950இல் ஜப்பான் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கட்டடம், சிலை போன்றவற்றோடு கைத்திறனையும் காக்க வேண்டிய சொத்தாக அந்தச் சட்டம் ஏற்றது. அதன் கீழ், மரக்கட்டை அச்சின் முழுச் செய்முறையையும் பதிவு செய்ய முடிவெடுத்து, ஹசுயியையும் ஷின்சுயியையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும். எந்தக் காட்சியை வேண்டுமானாலும் ஹசுயி எடுத்திருக்கலாம். நாடு முழுக்கச் சுற்றிய மனிதர். அவர் எடுத்தது மறுபடியும் சோஜோஜி வாசலை, மறுபடியும் பனியில். அந்த ஒரே அச்சுக்கு 42 முறை அச்சிட வேண்டியிருந்தது. 42 முறை ஈரத்தாளைத் தூக்கிக் கென்தோவில் வைத்து, தேய்த்து, எடுப்பது. நாற்பத்தோராவது முறை கை பிசகினாலும் தாள் வீண்.

படத்திலும் காலம் மாறியிருக்கிறது. தனியாகப் போகும் கிமோனோப் பெண் இல்லை. வாசலுக்கு முன்னால் நிறுத்தத்தில் டிராமுக்காகக் காத்திருக்கும் மனிதர்கள். அன்றாட வேலையாகப் போகிறவர்கள், பனியில் மாட்டிக்கொண்டவர்கள், வண்டி எப்போது வரும் என்று நிற்பவர்கள். நடுவில் ஒரு போர் வந்துபோயிருக்கிறது. 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சோஜோஜியின் பிரதான மண்டபமும் ஷோகன்களின் அழகிய நினைவு மண்டபங்களும் எரிந்துவிட்டன. வாசல் நிற்கிறது. இரண்டு படங்களில் உலகம் விரும்புவது 1925ஐ. நான் 1953ஐ முதலில் வைப்பேன். முதலாவதில் ஹசுயி வாசலின் அழகைப் பார்த்தார். இரண்டாவதில் வாசலின் முன்னால் வாழும் ஊரைப் பார்த்தார். அதுவும் எழுபது வயதில், மோசமான கண்பார்வையோடு. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. தடித்த கண்ணாடி இல்லாமல் அவர் இருக்கும் புகைப்படத்தைக் காண்பது அரிது.

3,000 பிரதிகளில் எது அசல் என்ற பகுதிக்கு இப்போது பதில் எளிது. அந்தக் கட்டைகளிலிருந்து, அந்தப் பட்டறையில், கையால் எடுத்த எல்லாமே அசல்தான். ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. முதலில் எடுத்தவற்றில் கட்டையின் கோடு கூர்மையாக இருக்கும்; ஓவியரும் பதிப்பாளரும் நிறத்தைப் பார்த்துத் திருத்தியிருப்பார்கள். ஆண்டுகள் போகப்போகக் கோடு மழுங்கும்; போகாஷி சிக்கனமாகும். ஹசுயி இறந்தபின்னும் அதே நிறுவனம் அவருடைய அச்சுகளை எடுத்து விற்றிருக்கிறது. அவை போலிகள் இல்லை, பிந்தைய பதிப்புகள். விலையில் மட்டும் பல மடங்கு வேறுபாடு. இதைத் தெரிந்துகொள்ள முத்திரைதான் வழி. போருக்கு முந்தைய பிரதிகளின் ஓரத்தில் வத்தானபேயின் பதிப்புரிமையைச் சொல்லும் நீள்சதுர முத்திரை இருக்கும். காலத்துக்குக் காலம் அதன் வாசகமும் வடிவமும் மாறியிருப்பதால், ஏறக்குறைய எந்தக் காலத்துப் பிரதி என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். போருக்குப் பின் படத்துக்குள்ளேயே ஒரு மூலையில் சின்ன வட்ட முத்திரை வந்தது: ஹசுயி உயிரோடிருந்த காலத்தில் விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர், பிந்தையவற்றில் சுமார் 7. ஒரு மில்லிமீட்டரில் விலை தலைகீழாகிவிடும். ஓரத்தில் இருக்கும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கில் 'தைஷோ 14' என்று இருந்தால் அது 1925. ஆனால் அது கட்டையிலேயே செதுக்கியது என்பதால் எப்போது அச்சிட்டாலும் அதேதான் வரும்.

வாங்க நினைக்கிறீர்கள் என்றால் தாளைத் திருப்பிப் பாருங்கள். கையால் தேய்த்த அச்சு என்றால் நிறம் பின்பக்கம் ஊடுருவியிருக்கும். சாய்த்துப் பிடித்தால் பாரெனின் வட்டத் தடங்கள் தெரியும். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். முன்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்க்கும்போது வரிசையான பலநிறப் புள்ளிகள் தென்பட்டால் அது இயந்திர அச்சு. வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்; அந்தச் சிவப்பும் நீலமும் ஒளியில் வெளுத்துப் போகும்.

பனி அவரைக் கடைசிவரை விடவில்லை என்பதையும் சொல்லி முடிக்கிறேன். ஹிராயிசுமியில் உள்ள பொன் மண்டபத்தை அவர் 1935இல் ஒருமுறை அச்சாக்கியிருந்தார்: இரவு, நிலவு, ஆள் யாரும் இல்லை. 1957இல் அதே மண்டபத்தை மறுபடி எடுத்தார். இந்த முறை பனி மூடிய படிகள், அவற்றில் தனியாக ஏறிப்போகும் ஒரு துறவி. அச்சு முடிவதற்குள் ஹசுயி இறந்துவிட்டார். பட்டறை அதை முடித்தது. இறந்த நூறாம் நாள் நினைவு வழிபாட்டில் நண்பர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அவர் பார்க்காத ஓர் அச்சை அவருடையது என்று சொல்லலாமா என்று கேட்டால், தயங்காமல் சொல்லலாம். நாற்பது ஆண்டுகளாக அவருடைய வரைபடத்தை வாசித்துப் பழகிய பட்டறை அது.

டோக்கியோ போக வாய்ப்பு இருந்தால் ஓத்தா வட்டத்தின் உள்ளூர் அருங்காட்சியகத்தில் ஹசுயியின் அச்சுகளும் வரைபுத்தகங்களும் இருக்கின்றன. எப்போதும் காட்சியில் இருக்காது, சிறப்புக் கண்காட்சி நடக்கும் காலத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அது இருக்கும் மகோமே பகுதியில்தான் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 'மகோமேயின் நிலவு' என்ற 1930ஆம் ஆண்டு அச்சு அந்த இடத்தைப் பற்றியது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு ராபர்ட் முல்லர் என்ற சேகரிப்பாளரின் பெரும் தொகுப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. அதிலுள்ளவற்றை இணையத்தில் பெரிய அளவில் பார்க்கலாம். இரண்டு சோஜோஜிகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, முதலில் சிவப்பை ஒப்பிடுங்கள், பிறகு கிளைகளின் மேல் உள்ள வெள்ளையை.